'கங்-ஹோ' என்றால் பாராட்டா, எச்சரிக்கையா?

அண்மையில் வந்த வாசகர் கடிதங்களில் பலவும் 'கங்-ஹோ' என்ற ஒரே ஆங்கிலப் பெயரடையைப் பற்றி இருந்ததால், இந்த இதழில் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்தச் சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் இங்கிலாந்தில் இருக்கிறார். என் ஆண்டு மதிப்பீட்டில், புதிய கருவி எது வந்தாலும் நான் 'எ பிட் கங்-ஹோ' ஆகிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் 'மிகுந்த உற்சாகமுள்ள' என்று போட்டிருக்கிறது. என்னுடன் பணிபுரியும் நண்பரோ, இது குறை சொல்லும் சொல் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இந்த இடத்தில் உங்கள் நண்பர் சொல்வதே சரி. அதற்காக அகராதி தவறாகிவிடாது. ஒரு காரியத்தில் தயக்கமே இல்லாமல், முழு வேகத்தோடு இறங்கத் துடிப்பவரைக் 'கங்-ஹோ' என்பார்கள். அந்தத் துடிப்பை மெச்சிச் சொல்லவும் இந்தச் சொல் பயன்படும். துடிப்பு இருக்கும் அளவுக்கு யோசனை இல்லை என்று சுட்டவும் பயன்படும். இரண்டில் எது என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் சொற்களே தீர்மானிக்கின்றன.

உங்கள் மதிப்பீட்டில் அப்படித் தீர்மானிப்பது 'எ பிட்' என்ற சிறு சொல்தான். ஆங்கிலேயர்கள் ஒரு குறையை முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும் என்றால் அதன் முன் 'கொஞ்சம்' என்று சேர்த்துவிடுவது வழக்கம். பாராட்டும்போது அவ்வாறு சேர்ப்பது அரிது. 'எது வந்தாலும்' என்ற தொடரும் அதே திசையைத்தான் காட்டுகிறது. எந்தக் கருவி வேலைக்கு உதவும், எது உதவாது என்று பார்த்து ஆர்வப்படுவதற்கும், புதியது என்ற ஒரே காரணத்துக்காக ஆர்வப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் மேலாளர் கவனித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். இதே மேலாளர், 'குழு முழுவதும் புதிய அமைப்புக்கு மாறுவதில் கங்-ஹோவாக இருக்கிறது' என்று எழுதியிருந்தால் அதில் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது.

எனினும் இதைக் கடுமையான குறையாக எண்ணி மனம் நோக வேண்டியதில்லை. சோம்பல், அக்கறையின்மை, திறமைக்குறைவு ஆகியவற்றில் எதையும் இந்தச் சொல் ஒருவர் மீது சுமத்துவதில்லை. ஆர்வம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அதன் அளவைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த உரையாடலின்போது, எந்தக் கருவியை மனத்தில் வைத்து அப்படி எழுதினார் என்று நேராகக் கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நிகழ்வைச் சொன்னால் அதைத் திருத்திக்கொள்ள வழி கிடைக்கும். பொதுவாகத்தான் சொன்னேன் என்றால், அடுத்த முறை ஒரு கருவியைப் பரிந்துரைக்கும்போது அதன் செலவையும் குறைகளையும் நீங்களே சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

இதனோடு சேர்த்து அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வழக்கும் உண்டு. அலுவலகக் கூட்டங்களில் ஒருவர் 'ஐ ஆம் நாட் எக்ஸாக்ட்லி கங்-ஹோ' என்று சொன்னால், 'பெரிய ஆர்வம் இல்லை' என்று மென்மையாகச் சொல்வதாகத் தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் மறுப்பு. அப்படிச் சொன்னவரின் ஆதரவை நம்பித் திட்டம் தீட்டக் கூடாது.

கேள்வி: இது சீன மொழியிலிருந்து வந்த சொல் என்றும், 'சேர்ந்து உழைப்போம்' என்பதே அதன் பொருள் என்றும் படித்தேன். அப்படியானால் இன்றைய பொருள் எப்படி வந்தது? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: சீன மொழியிலிருந்து வந்தது என்பது உறுதி. 'சேர்ந்து உழைப்போம்' என்பது மட்டும் பாதி உண்மை. அது ஏன் என்று விளக்க, 1937-ஆம் ஆண்டின் ஷாங்காய் நகரத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலையில் ஜப்பான் சீனாவின் மீது முழுப் போர் தொடுத்தது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஷாங்காயில் நடந்த சண்டையில் நகரத்தின் தொழிற்பகுதிகள் பெருமளவு அழிந்தன. சீனாவின் நவீன ஆலைகளில் மிகப் பெரும்பாலானவை கடலோர நகரங்களில்தான் இருந்தன என்பதால், துணியும் கருவிகளும் மருந்துப் பொருள்களும் செய்துகொண்டிருந்த அந்த ஆலைகள் கைவிட்டுப்போனதும், உள்நாட்டுக்கு ஓடிவந்த தொழிலாளர்களுக்கு வேலையும் இல்லை, நாட்டுக்குப் பொருளும் இல்லை என்ற நிலை உண்டானது.

ஷாங்காயில் அப்போது ரெவி ஆலி என்ற நியூசிலாந்துக்காரர் இருந்தார். 1927-இல் அந்த நகரத்துக்கு வந்து, தீயணைப்புத் துறையில் சேர்ந்து, பின்னர் அந்நகரின் அயல்நாட்டுக் குடியிருப்பு நகராட்சியில் தொழிற்சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். பட்டாலைகளில் கொதிநீர்த் தொட்டிகளின் முன் நின்று பட்டுக்கூடுகளைக் கையாண்ட சிறுமிகளின் நிலையை ஆய்வாளராக நேரில் கண்டவர் என்பதால், போர் முடிந்ததும் பழைய ஆலைகளை அப்படியே திருப்பிக் கட்டுவதில் அவருக்கு நாட்டம் இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர்களான எட்கர் ஸ்னோ, ஹெலன் ஃபாஸ்டர் ஸ்னோ தம்பதியரும், சீன நண்பர்கள் பலரும் அவரோடு சேர்ந்து 1938-இல் ஒரு திட்டம் வகுத்தார்கள். குண்டுவீச்சுக்கு எட்டாத உள்நாட்டு ஊர்களில் சிறு சிறு பட்டறைகள். அவற்றின் உரிமையாளர்கள் அங்கே உழைப்பவர்களே. எதிரி நெருங்கினால் கருவிகளைத் தூக்கிக்கொண்டு இடம்பெயரலாம். இதுவே அந்தத் திட்டத்தின் சாரம். ஷான்சி மாகாணத்தின் பாவ்ஜி நகரில், அகதிகளாக வந்த கொல்லர்களைக் கொண்டு முதல் கூட்டுறவுப் பட்டறை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய கூட்டுறவுகள் ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகின. உள்நாட்டுக் கம்பளி மயிரை வீடுகளில் நூற்று, கைத்தறியில் நெய்து, சீனப் படையினருக்குப் போர்வைகள் செய்து கொடுத்தது அவற்றின் பெரிய சாதனைகளில் ஒன்று.

தொழிற்கூட்டுறவு என்பதைச் சீனத்தில் 'குங்யெ ஹட்ஸுவோ' என்பார்கள். முதற்சொல் தொழிலையும் அடுத்தது கூட்டுறவையும் குறிக்கும். நம் ஊரில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் 'கோ-ஆப்டெக்ஸ்' என்று சுருக்கிச் சொல்வது போலவே, அவர்களும் இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எடுத்து 'குங்-ஹ' என்று சுருக்கிக்கொண்டார்கள். ஆகவே அது ஓர் அமைப்பின் சுருக்கப் பெயர். முழக்கமோ அறைகூவலோ அன்று, உற்சாகத்தைக் குறிக்கும் பெயரடையும் அன்று. ஆனால் அந்த இரண்டு எழுத்துகளையும் தனித்தனியே படித்தால் முதலாவதற்கு 'உழைப்பு' என்றும் இரண்டாவதற்கு 'ஒன்றுசேர்தல்' என்றும் பொருள் வரும். 'சேர்ந்து உழைப்போம்' என்ற விளக்கம் அந்த வாசிப்பிலிருந்து பிறந்தது. நீங்கள் படித்ததைப் பாதி உண்மை என்றதும் இதனால்தான்.

அந்த வாசிப்பை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் இவான்ஸ் கார்ல்சன் என்ற கடற்படைவீரர்ப் பிரிவு அதிகாரி. 1937-லும் 1938-லும் பார்வையாளராக வட சீனாவில், கம்யூனிஸ்டுகளின் எட்டாவது பாதைப் படையோடு நெடுந்தொலைவு நடந்தவர் அவர். அதிகாரியும் சிப்பாயும் ஒரே உணவை உண்பதையும், எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பது கடைசிச் சிப்பாய்க்கும் விளக்கப்படுவதையும் அங்கே கண்டார். தம் கருத்தைத் தடையின்றிப் பேசுவதற்காக 1939-இல் பதவியிலிருந்து விலகி, மீண்டும் சீனாவுக்குச் சென்று கூட்டுறவுப் பட்டறைகளையும் பார்வையிட்டார். 1941-இல் படைக்குத் திரும்பியவருக்கு, 1942 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட இரண்டாவது ரெய்டர் (திடீர்த் தாக்குதல்) பட்டாலியனின் தலைமை கிடைத்தது. சீனாவில் கண்டதைத் தம் வீரர்களிடம் வளர்க்க முயன்ற அவர், அதிகாரிகளுக்குரிய தனிச் சலுகைகளை நீக்கினார். எந்தச் சிப்பாயும் எழுந்து தன் கருத்தைச் சொல்லக்கூடிய கூட்டங்களை நடத்தினார். அந்தக் கூட்டங்களுக்குப் பெயரே 'கங்-ஹோ கூட்டங்கள்'.

1942 ஆகஸ்ட் 17-ஆம் நாள், அவருடைய வீரர்கள் சுமார் 220 பேர் இரண்டு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ரப்பர் படகுகளில் இறங்கி, பசிபிக் பெருங்கடலில் ஜப்பானியர் வசமிருந்த மேக்கின் தீவைத் தாக்கினார்கள். அந்தச் செய்தியோடு அவர்களுடைய 'கங்-ஹோ' முழக்கமும் அமெரிக்கப் பத்திரிகைகளில் பரவியது. மறு ஆண்டே அந்தத் தாக்குதலைப் பற்றி ஹாலிவுட் ஒரு திரைப்படம் எடுத்தது. அதன் தலைப்பும் 'கங் ஹோ' என்பதே. ஒரு பட்டாலியனுக்குள் இருந்த சொல் நாடு முழுவதும் தெரிந்த சொல்லானது இப்படித்தான்.

பொருள் மாறியதும் அதே படைக்குள்தான். கார்ல்சனின் ஆட்கள் தங்களைத் தனிச் சிறப்புடையவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று பிற பிரிவுகளின் வீரர்களுக்குத் தோன்றியது. ஆகவே, எதற்கெடுத்தாலும் முன்னால் பாய்பவனையும், கட்டளை வருவதற்கு முன்பே கிளம்பிவிடுபவனையும் 'பெரிய கங்-ஹோ' என்று கேலியாகச் சொல்லத் தொடங்கினார்கள். போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபோது, முழக்கத்தின் பெருமிதம், கேலியின் குத்தல் இரண்டும் சேர்ந்தே பொதுவழக்குக்கு வந்தன. கோயம்புத்தூர் வாசகரின் குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்த மாற்றத்தில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. சொல்லின் உள்ளே இருந்த 'சேர்ந்து' என்ற பாதி முற்றாக மறைந்துவிட்டது. கூட்டாகப் பட்டறை நடத்திய அகதிகளின் அமைப்புக்குப் பெயராக இருந்த சொல், பிறரைக் கலந்து பேசாமல் தனியே முன்னால் ஓடுகிறவரைக் குறிக்கப் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை நாள்தோறும் பயன்படுத்துவோரில் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டறைகள் இருந்ததே தெரியாது. ரெவி ஆலி கான்சு மாகாணத்தின் ஷாண்டான் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொழிற்பள்ளி நடத்தி, 1987-இல் பெய்ஜிங்கில் இறக்கும்வரை சீனாவிலேயே வாழ்ந்தார். அவர் தொடங்கி வைத்த கூட்டுறவு அமைப்பு, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1980-களில் புத்துயிர் பெற்றது.

கேள்வி: பெயரைப் பார்த்தால் ஜப்பானியச் சொல் போலத் தோன்றுகிறதே? (வாசகி, சேலம்)

பதில்: அமெரிக்கக் கார் ஆலை ஒன்றை ஜப்பானிய நிறுவனம் எடுத்து நடத்துவதைப் பற்றி 1986-இல் வந்த ஹாலிவுட் படத்துக்கும் இதே தலைப்பு வைத்ததால், பலருக்கும் இந்த ஐயம் வருகிறது. சொல் சீனச் சொல்தான். அமெரிக்கப் படைவீரர்கள் ஜப்பானிய மொழியிலிருந்து எடுத்துச்சென்ற சொல் வேறொன்று உண்டு: தலைவர் என்ற பொருளில் வழங்கும் 'ஹாஞ்சோ'. சிறு குழுவின் தலைவரைக் குறிக்கும் 'ஹான்சோ' என்பதே அதன் மூலம்.

உச்சரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கங்கை' என்று சொல்லும்போது முதலில் வரும் 'கங்' ஒலியையும், 'ஹோட்டல்' என்பதன் முதல் ஒலியையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

கேள்வி: என் கல்லூரி மாணவர்கள் வேலைக்கான விண்ணப்பக் கடிதங்களில், 'ஐ ஆம் கங்-ஹோ அபௌட் யுவர் கம்பெனி' என்று எழுதுகிறார்கள். அனுமதிக்கலாமா? கூடாதென்றால் அவிட், ஆர்டன்ட், ஸெலஸ் என்ற சொற்களில் எதை எழுதச் சொல்வது? (ஆங்கில விரிவுரையாளர், மதுரை)

பதில்: அனுமதிக்க வேண்டாம். இலக்கணம் சரிதான், 'அபௌட்' என்ற முன்னிடைச்சொல்லும் சரியானதுதான். ஆனால் 'கங்-ஹோ' பேச்சுவழக்குச் சொல். அமெரிக்கர்களாவது அதைப் பல நேரம் நல்ல பொருளில் எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், குறிப்பாகப் போரைப் பற்றியும் ஆபத்தான முடிவுகளைப் பற்றியும் பேசும்போது, அது 'யோசனையில்லாத வேகம்' என்ற பொருளையே முதலில் தரும். விண்ணப்பத்தைப் படிப்பவர் எந்த நாட்டில் ஆங்கிலம் பழகியவர் என்று மாணவருக்குத் தெரியாது. மேலும், ஒருவர் தம்மைத் தாமே இப்படிச் சொல்லிக்கொள்வது, ஆர்வம் மட்டுமே தம்மிடம் இருப்பதாக அறிவிப்பது போல் ஆகிவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று சொற்களும் இந்த இடத்துக்குப் பொருந்தமாட்டா. ஒவ்வொன்றும் தனக்கென்று சில பெயர்ச்சொற்களோடுதான் பழகியிருக்கிறது. 'அவிட்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல் வேட்கையைக் குறித்தது. எத்தனை கிடைத்தாலும் இன்னும் வேண்டும் என்ற பசி அதில் இன்றும் இருப்பதால், நூல்களை விடாமல் படிப்பவரையும் தபால்தலை சேர்ப்பவரையும் அந்தச் சொல்லால் குறிப்பிடலாம், ஒரு நிறுவனத்தின் மீதான ஆர்வத்தைக் குறிப்பிட முடியாது. 'ஆர்டன்ட்' எரிதல் என்ற மூலத்திலிருந்து வந்தது. கட்சி ஆதரவாளர், கொள்கைப் பற்றாளர், தீவிர ரசிகர் ஆகியோருக்கு உரியது. கொதித்தல் என்ற மூலமுடைய 'ஃபர்வென்ட்' நம்பிக்கை, வேண்டுதல் போன்றவற்றோடு சேரும்.

'ஸெலஸ்' என்ற சொல்லில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கடமையில் மிகுந்த முனைப்புக் காட்டுபவரைக் குறிக்கும் அந்தச் சொல்லும், பொறாமையைக் குறிக்கும் 'ஜெலஸ்' என்ற சொல்லும் 'ஸேலோஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. இரண்டின் முதல் ஒலியையும் நாம் தமிழில் 'ஜ' என்றே எழுதிப் பழகிவிட்டதால், நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் தம் முனைப்பைப் பற்றிச் சொல்வது பொறாமையைப் பற்றிச் சொல்வதாகக் கேட்கும் அபாயம் மெய்யானது. அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்யுங்கள்.

விண்ணப்பக் கடிதத்துக்கு 'கீன்', 'என்தூஸியாஸ்டிக்' என்ற எளிய சொற்களே போதும். இதில் இரண்டாவது சொல்லுக்கு வியப்பான வரலாறு உண்டு. அதன் கிரேக்க வேருக்கு 'இறைவன் உள்ளே குடிகொண்ட நிலை' என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதன் பெயர்ச்சொல் வடிவம், தமக்கு இறைவன் தனியே அருள்வாக்குத் தருவதாக எண்ணிக்கொள்ளும் மதவெறியரைக் கண்டிக்கும் சொல்லாக இருந்தது; சாமுவேல் ஜான்சனின் 1755-ஆம் ஆண்டு அகராதியும் முதலில் அந்தப் பொருளையே, வீண் நம்பிக்கை என்ற கண்டனத்தோடு தருகிறது. இன்று அந்தக் கறை முழுவதும் நீங்கி, அலுவலகக் கடிதத்தில் தயக்கமின்றி எழுதத்தக்க சொல்லாகிவிட்டது.

சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று எழுதும் மாணவரிடம், அந்த ஆர்வத்தால் இதுவரை என்ன செய்தார் என்பதையும் அடுத்த வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். நூலகத்தில் தாமாகக் கற்ற ஒரு பாடம், விடுமுறையில் செய்து பார்த்த ஒரு சிறிய கருவி என எதுவாயினும் சரி. படிப்பவர் அந்த வாக்கியத்துக்காகவே காத்திருப்பார்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 'கங்-ஹோ' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது? 'பேரார்வமிக்க' என்று போட்டால் உயிரில்லாமல் இருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: 'பேரார்வமிக்க' என்பதில் உயிரில்லை என்பதை ஏற்கிறேன், அதைவிடப் பெரிய குறை, அது எப்போதும் பாராட்டாகவே ஒலிப்பது. இந்தச் சொல்லுக்கு நிலையான ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடாமல், எழுதியவர் மெச்சுகிறாரா, ஐயப்படுகிறாரா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மெச்சுகிறார் என்றால் 'முழுமூச்சாக', 'மும்முரமாக' என்ற சொற்கள் நன்றாகப் பொருந்தும். இரண்டும் வினையோடு சேர்ந்து வருபவை என்பதால் பெயரடையாக நிற்கும் ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தின் வேறு இடத்துக்கு நகர்த்த வேண்டியிருக்கும், தயங்காமல் நகர்த்துங்கள். ஐயப்படுகிறார் என்றால் நம்மிடம் 'ஆர்வக்கோளாறு' என்ற அருமையான சொல் இருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆர்வம் கூடிப்போனதுதான் பிழை என்று அந்தச் சொல் சொல்வது போல ஆங்கிலச் சொல்லும் சொல்கிறது. ஆனால் அது பேச்சுச் சாயல் உடையது. நாவலின் உரையாடலில் போடலாம், நாளிதழின் தலையங்கத்தில் போட முடியாது.

மெச்சலும் ஐயமும் கலந்திருக்கும் இடங்களுக்கு நான் பயன்படுத்துவது 'வரிந்துகட்டிக்கொண்டு' என்ற தொடர். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்குபவன் வேலைக்காக இறங்குகிறானா, சண்டைக்காக இறங்குகிறானா என்பதை அந்தத் தொடர் முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, போருக்கு ஆதரவாகப் பேசும் அமைச்சர்களைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரையில் 'கங்-ஹோ மினிஸ்டர்ஸ்' என்று வந்தால், 'பேரார்வமிக்க அமைச்சர்கள்' என்று எழுதுவது எழுதியவரின் கண்டனத்தையே அழித்துவிடும். 'போருக்கு வரிந்துகட்டிக்கொண்டு நிற்கும் அமைச்சர்கள்' என்று எழுதுங்கள்.